ஷோங்கு வீட்டுக்குக் கொல்லைப்புற வழி

பெயர். வயது. சந்தா எண். கொல்கத்தாவின் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது அச்சானால், கூடவே இந்த மூன்றும் அச்சாகும். எழுதியவருக்குப் பெயர் போதாதா, சந்தா எண் எதற்கு என்கிறீர்களா? கூத்தே அங்கேதான் இருக்கிறது! எழுதிய பொடிசு இந்த இதழுக்குச் சந்தா கட்டிப் படிக்கிற ஆள், வீட்டுக்காரர், அவர் பேச்சுக்கு இங்கே இடமுண்டு என்று அந்த எண் சொல்லிவிடுகிறது. அதே இதழில் நாலைந்து தாள் தள்ளினால் சத்யஜித் ராய் எழுதியிருப்பார். அவருக்கு வயதும் கிடையாது, எண்ணும் கிடையாது.

அந்தப் பகுதிக்குப் பெயர் ‘ஹாத் பாகாபார் ஆஸர்’. கை பழகுகிறவர்கள் கூடும் சபை. வங்காளத்துப் பிள்ளைகளின் விண்வெளிக் கதை, மாயக் கதை, பேய்க் கதை எல்லாவற்றுக்கும் கொல்லைப்புறக் கதவு இதுதான். முன்வாசல் வழியாகப் போனால் பெரிய பெரிய மேதைகளின் படங்கள் மாலையோடு தொங்கும். நாம் இந்தப் பக்கமாக உள்ளே போவோம். வாருங்கள், பார்க்க எவ்வளவோ இருக்கிறது!

முதலில் 1961-க்குப் போக வேண்டும். ‘சந்தேஷ்’ அப்போது நின்றுபோய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. 1913-இல் அதைத் தொடங்கியவர் சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. இந்தியாவில் ஹாஃப்டோன் அச்சில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயரெடுத்தவர். பிள்ளைகள் படிக்கிற இதழ்தானே என்று கிடைத்த தாளில் அடித்துத் தள்ளவில்லை. சொந்த அச்சகத்தில், கண்ணைப் பறிக்கிற வண்ணப் படங்களோடு கொண்டுவந்தார். அவருக்குப் பிறகு மகன் சுகுமார் ராய். 1923-இல் சுகுமார் இறந்தபோது மகன் சத்யஜித்துக்கு இரண்டு வயது. பின்னர் இதழ் தள்ளாடி நின்றது.

1961-இல் அந்த இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாற்பது வயது. அப்பு படங்கள் மூன்றும் வந்து உலகமே பேசிக்கொண்டிருக்கிறது. அந்த மனிதர் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து தாத்தாவின் சிறுவர் இதழைத் தூசி தட்டி எடுக்கிறார். அப்போது அவர் குடியிருந்தது லேக் டெம்பிள் ரோட்டில், 3-ஆம் எண் வீட்டில். லேக் மார்க்கெட் கூப்பிடு தூரம். லேக் மார்க்கெட் என்றால் நமக்குச் சொல்லவா வேண்டும்? வாழையிலையும் மல்லிகைச் சரமும் காபித்தூளும் கிடைக்கிற, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காய்கறி வாங்குகிற இடம். ரசமும் சாம்பாரும் மணக்கிற தெருக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அந்த மனிதர் செவ்வாய்க் கிரகத்துக்கு ராக்கெட் விட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கும்போதே எனக்குச் சிலிர்க்கிறது!

ஆமாம், அந்த வருடமே ராக்கெட் கிளம்பிவிட்டது. ‘ப்யோம்ஜாத்ரீர் டைரி’, விண்வெளிப் பயணியின் நாட்குறிப்பு. பேராசிரியர் திரிலோகேஷ்வர் ஷோங்கு பிறந்தது அதில்தான். கிரிடியில் உஸ்ரி ஆற்றங்கரையில் தனியாக வாழ்கிற விஞ்ஞானி. நியூட்டன் என்றொரு பூனை. பிரஹ்லாத் என்றொரு வேலைக்காரர். பிதுசேகர் என்றொரு இயந்திர மனிதன். எதிரியைச் சாகடிக்காமல் ஓயாமல் தும்ம வைக்கிற மூக்குப்பொடித் துப்பாக்கி ஒன்று. அதை யார்மீது சோதித்துப் பார்க்கிறார் தெரியுமா? பாவம், அந்தப் பிரஹ்லாத்மீதே! பெரியவர்களைத் தும்ம வைக்க வேண்டும் என்று நினைக்காத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது?

அந்த நாட்குறிப்பை இன்னும் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். சுந்தரவனத்தில் எரிகல் விழுந்த பள்ளத்தில் கிடைத்த சிவப்பு நோட்டு அது. மையின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். தாளை இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், கிழியாது. நெருப்பில் போட்டால் எரியாது. யாராலும் அழிக்க முடியாத அந்தப் புத்தகத்தைக் கடைசியில் என்ன அழிக்கிறது? எறும்பு! சாதாரண எறும்புக் கூட்டம் மொத்தத்தையும் தின்று தீர்த்துவிடுகிறது. ஆதாரம் கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. கதையைப் படித்தவர் நம்பியே ஆக வேண்டும், வேறு வழியே வைக்கவில்லை. என்ன துணிச்சல்!

சிவப்பு நோட்டு சும்மா வந்ததில்லை. கொல்கத்தாக் கடைக்காரர்கள் கணக்கெழுதுகிற சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு உண்டு, ‘கேரோர் காதா’ என்பார்கள். ராய் தன் படங்களுக்கான குறிப்பு, காட்சி ஓவியம், இசைக் குறிப்பு எல்லாவற்றையும் அதில்தான் எழுதி வைப்பார். மளிகைக்கடைக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் படத்துக்கான காட்சி, இன்னொரு பக்கம் இயந்திர மனிதனின் மூஞ்சி!

‘சந்தேஷ்’ தயாரான இடத்தையும் பார்த்துவிடுவோம். பெரிய கட்டடம், வாசலில் காவலாளி என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வராதீர்கள். 1963-இல் இதழை நடத்தும் பொறுப்பை ஒரு கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொண்டது. சுகுமார் பெயரில் அமைந்த சங்கம். ஆசிரியர் பொறுப்பில் ராயோடு அவருடைய அத்தை முறையான லீலா மஜும்தாரும், அத்தை மகள் நளினி தாஸும் சேர்ந்தார்கள். அலுவலக வேலையெல்லாம் ராஸ்பிஹாரி அவென்யூவில் நளினி தாஸ் வீட்டில்தான். லேக் மார்க்கெட்டை உரசிக்கொண்டு போகிற அதே ராஸ்பிஹாரி அவென்யூ! குடும்பமே உட்கார்ந்து பிள்ளைகளின் கையெழுத்துப் பிரதிகளைப் பிரித்துப் படித்தது. ராய் அட்டைப் படம் வரைந்தார், மற்றவர்களின் கதைகளுக்கும் படம் போட்டார், தலைப்பெழுத்தை வடிவமைத்தார், புதிர் போட்டார். கல்லூரி முதல்வராக இருந்த நளினி தாஸ், நாலு பெண் பிள்ளைகள் துப்பறிகிற ‘கண்டாலு’ கதைகளை எழுதினார். இயற்கையைக் கவனிக்கிற பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பகுதி. அதற்கு ‘ஜீவன் சர்தார்’ என்ற புனைபெயரில் ஒருவர் பொறுப்பு.

இவர்களில் லீலா மஜும்தாரை நான் விடவே மாட்டேன். அவர் கதையைக் கேளுங்கள். 1922-இல் அவருக்குப் பதினாலு வயது. அண்ணன் முறையான சுகுமார் ராய் காலா-அசார் காய்ச்சலில் படுத்த படுக்கையாக இருந்தபடியே இதழ் நடத்திக்கொண்டிருக்கிறார். பதினாலு வயதுப் பெண் எழுதிய கதையை வாங்கி ‘சந்தேஷ்’ இதழில் போட்டார், அவளே வரைந்த படத்தோடு! அந்தப் பெண்தான் நாற்பது வருடம் கழித்து அதே இதழின் ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த பதினாலு வயதுக்காரர்கள் அனுப்பிய தாள்களைப் பிரித்தவர். மஞ்சள் பறவையின் இறகைத் தேடிப் போகிற மாயக்கதையும், காற்றில் மிதக்கிற வீட்டைப் பற்றிய கதையும் எழுதியவர். பிள்ளை அனுப்பிய கதையில் குறை சொல்லும்போது அந்தப் பக்கத்தில் இருக்கும் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

கொல்கத்தாவில் இந்த வகைக் கதைகள் இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு விஞ்ஞானிகளும் மேதைகளும் காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் கணக்கு வேறு. பிள்ளை சொல்கிற அபிப்பிராயத்தை ஒரு பெரியவர் உட்கார்ந்து படித்தார், பதில் எழுதினார், அச்சிட்டார். முதல் காரணம் அதுதான். ராய் தனக்கு வந்த கடிதங்களுக்குத் தானே பதில் எழுதுவார், தொலைபேசியைத் தானே எடுப்பார், பிற்பாடு குடிபோன பிஷப் லெஃப்ராய் ரோடு வீட்டுக் கதவைத் தானே திறப்பார் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஷோங்கு ஒரு நையாண்டியாகத்தான் தொடங்கினார். தந்தை சுகுமார் எழுதிய ‘ஹேஷோராம் ஹுஷியாரின் நாட்குறிப்பு’ என்ற கிண்டல் கதையின் வாடை அதில் அடிக்கும். படித்தவர்கள் விடவில்லை. முப்பத்தெட்டு முழுக் கதைகள், முடிக்காமல் போன இரண்டு. போகப்போக ஷோங்கு ஆளே மாறி, ஜெர்மானிய நண்பர் க்ரோல், ஆங்கிலேய நண்பர் சாண்டர்ஸ் என்று கூட்டம் சேர்த்துக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பிவிட்டார். பிற்காலத்தில் ராய் குடும்பத்தின் அடுப்பு எரிந்ததும் பெரும்பாலும் இந்தப் புத்தக வருமானத்தில்தான், படங்களில் அல்ல!

பிள்ளையின் அபிப்பிராயம் ஒரு முழுப் படத்தையே உண்டாக்கிய சம்பவமும் உண்டு. ராயின் மகன் சந்தீப் சிறுவனாக இருந்தபோது, அப்பா எடுப்பதெல்லாம் பெரியவர்களுக்கான சோகப் படமாகவே இருக்கிறது, எங்களுக்கு ஒன்று எடுக்கக் கூடாதா என்று நச்சரித்தான். அப்பா யோசித்தார். தாத்தா உபேந்திரகிஷோர் 1915-இல் ‘சந்தேஷ்’ இதழில் எழுதிய கூபி, பாகா கதையை எடுத்தார். பாடத் தெரியாத பாட்டுக்காரனும், கொட்டத் தெரியாத மேளக்காரனும், அவர்களுக்கு வரம் கொடுக்கிற பேய் ராஜாவும். 1969-இல் வந்த ‘கூபி காயின் பாகா பாயின்’ கொல்கத்தாத் திரையரங்குகளை மாதக்கணக்கில் நிரப்பியது. ஆறு நிமிடத்துக்கும் மேலே நீள்கிற பேய் நடனம் அதில் இருக்கிறது. இன்று பார்த்தாலும் நாற்காலியில் உட்கார முடியாது. ஒரு வாண்டின் புகார், ஐயா!

சரி, இப்போது கொஞ்சம் சண்டை பார்ப்போமா? வங்காளத்துப் பிள்ளைகள் ஷோங்கு கட்சி, கனாதா கட்சி என்று பிரிந்து மல்லுக்கட்டுவார்கள்.

கனாதா என்பவர் பிரேமேந்திர மித்ரா 1945-இல் உண்டாக்கிய ஆள். கொல்கத்தாவில் 72, பனமாலி நஸ்கர் லேன் என்ற முகவரியில் ஒரு மெஸ். மாடி அறையில் கனாதா. கீழே ஷிபு, ஷிஷிர், கௌர், கதை சொல்கிற சுதீர். கனாதா போகாத தேசம் இல்லை, செய்யாத சாகசம் இல்லை. எல்லாம் அவர் வாயாலேயே சொன்னதுதான்! முதல் கதை ஒரு கொசுவைப் பற்றியது. வாழ்நாளில் ஒரே ஒரு கொசுவைத்தான் அடித்திருக்கிறேன், அது 1939-இல் சகாலின் தீவில் என்று தொடங்குவார். சகாலின் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் உலக வரைபடத்தைப் புரட்டுவார்கள். இருக்கும்! தீவு, காற்றின் திசை, வேதியியல் எல்லாம் சரியாக இருக்கும், ஆள் மட்டும் அண்டப்புளுகர். ஷிஷிரிடம் கடன் வாங்கிய சிகரெட்டுக்கு மட்டும் துல்லியமான கணக்கு வைத்திருப்பார்.

இந்தக் கதைகளின் பின்கட்டில் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கதைக்குள்ளேயே வாசகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்! சுடச்சுடப் பலகாரம் வாங்கி வைத்து கனாதாவைக் கதைக்கு இழுப்பதும், நடுவில் சந்தேகம் கேட்பதும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு மாடிக்குப் போகிறவரைச் சமாதானப்படுத்துவதும் அந்த மெஸ் பையன்கள்தான். கனாதா படிக்கிற பிள்ளைக்கு, கதையைச் சந்தேகப்படுவதும் கதையை ரசிப்பதில் சேர்த்தி என்று யாரும் வகுப்பெடுக்காமலே தெரிந்துவிடும். ஷோங்கு கட்சிக்காரன், உங்கள் ஆள் மெஸ்ஸை விட்டே நகர்ந்ததில்லை என்பான். கனாதா கட்சிக்காரி, உங்கள் ஆளின் கண்டுபிடிப்பு எதையும் தொழிற்சாலையில் இரண்டாவது ஒன்று செய்ய முடியாதாமே, இதெல்லாம் விஞ்ஞானமா என்று திருப்பிக் கொடுப்பாள். இரண்டுமே சரியான அடி. ஷோங்குவின் மருந்து, கருவி எல்லாம் அவர் கைப்பட்டால்தான் உருவாகும் என்று ராயே கதையில் எழுதி வைத்திருக்கிறார்.

மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு. அவர்கள் பேய்க் கட்சி. ஷீர்ஷேந்து முகோபாத்யாயின் ‘கோசாய்ன்பாகானேர் பூத்’ நாவலில் புரூன் என்ற பையன் கணக்கில் பதின்மூன்று மார்க் வாங்கிவிடுகிறான். வீட்டில் எல்லோரும் ஒதுக்கிவிட்ட நிலையில் அவனுக்குத் துணைக்கு வருவது நிதிராம் என்ற பேய். பேயைக் கண்டு அவன் பயப்படவே இல்லை என்பதுதான் பேய்க்கு மனவருத்தம்! பதின்மூன்று மார்க் வாங்கிய பையனுக்கு இதற்கு மேல் என்ன பயம் இருக்கப்போகிறது? இந்த ஒரு இடத்துக்காகவே நான் அந்தக் கட்சியில் பாதி உறுப்பினர்.

இனி இன்னொரு கதவைத் திறக்கிறேன். 1963 ஜனவரி. அத்ரீஷ் பர்தன் என்ற இளைஞர் ‘ஆஷ்சர்ஜோ!’ என்று ஒரு மாத இதழ் தொடங்குகிறார். முழுக்க முழுக்க அறிவியல் புனைகதைக்கென்றே வந்த இதழ், ஆச்சரியக்குறி தலைப்பிலேயே! ஆசிரியர் பெயராக அவர் போட்டுக்கொண்டது ஆகாஷ் சென். வங்காளத்தில் இந்த வகைக்கு இன்று வழங்குகிற ‘கல்பவிஞ்ஞான்’ என்ற பெயரும் அவர் வைத்ததுதான். இதழ் மட்டும் போதவில்லை அவருக்கு. 1966-இல் அறிவியல் புனைகதைத் திரைப்படங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். தலைவர் சத்யஜித் ராய், துணைத் தலைவர் பிரேமேந்திர மித்ரா, செயலாளர் அத்ரீஷ் பர்தன். ஷோங்குவின் அப்பாவும் கனாதாவின் அப்பாவும் ஒரே மேடையில்! தெருவில் சண்டை போட்ட இரண்டு கட்சிப் பிள்ளைகளும் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே காலத்தில் கொல்கத்தா வானொலியில் ‘சபுஜ் மானுஷ்’, பச்சை மனிதன், என்ற கதையை நான்கு பேர் பங்கு போட்டு எழுதி ஒலிபரப்பினார்கள்: பிரேமேந்திர மித்ரா, அத்ரீஷ் பர்தன், திலீப் ராய்சௌத்ரி, சத்யஜித் ராய். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர்.

இந்தச் சங்கத்துக்கு வாழ்த்துக் கேட்டு ராய் ஒரு கடிதம் போட்டார். எங்கே? நமக்குப் பக்கத்தில், இலங்கைக்கு! அங்கே குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க்குக்கு. அந்தக் கடிதப் போக்குவரத்திலிருந்துதான் ‘தி ஏலியன்’ என்ற படத்தின் யோசனை கிளைத்தது. வங்காளக் கிராமம் ஒன்றின் தாமரைக் குளத்தில் விண்கலம் இறங்குகிறது, அதிலிருந்து வந்த சின்ன உயிருக்கும் ஒரு கிராமத்துச் சிறுவனுக்கும் கனவில் நட்பு உண்டாகிறது. ஹாலிவுட் வரை போய், எடுக்கப்படாமலே நின்றுபோன படம். அதன் விதையாகப் பலர் காட்டும் ‘பங்குபாபுவின் நண்பன்’ கதை 1962-இல் ‘சந்தேஷ்’ இதழில் வந்தது. எல்லோரும் கேலி செய்கிற ஒரு கிராமத்துப் பள்ளி வாத்தியார் மூங்கில் தோப்பில் வேற்றுக்கிரகவாசியைச் சந்தித்துவிட்டு வந்து, கேலி செய்தவர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற கதை. ஹாலிவுட் பார்ப்பதற்கு முன்பே அதைச் சந்தா கட்டிய பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.

இன்னும் பின்னால் போனால் ஒரு தலைமுடி எண்ணெய் புட்டி இருக்கிறது. பொய் இல்லை! 1896-இல் ‘குந்தலீன்’ என்ற கூந்தல் தைலத்தை விற்ற எச். போஸ் கதைப் போட்டி நடத்தினார். பரிசு வாங்கியது, புயலை ஒரு புட்டி எண்ணெயால் அடக்கிவிடுகிற கதை. எழுதியவர் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்! கடல் கொந்தளிக்கிறது, தைலத்தை ஊற்றுகிறார்கள், அலை அடங்குகிறது. பரப்பு இழுவிசை என்ற இயற்பியல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த எச். போஸ் யார் என்கிறீர்கள்? ‘சந்தேஷ்’ தொடங்கிய உபேந்திரகிஷோரின் தங்கை கணவர். எந்தப் பக்கம் கதவைத் திறந்தாலும் அதே குடும்பம் வந்து நிற்கிறது.

1905-இல் வந்த ‘சுல்தானாவின் கனவு’ நமக்கு இன்னும் நெருக்கம். பெண்கள் ஆள்கிற நாடு, சூரிய வெப்பத்தில் சமையல், மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர், பறக்கிற வாகனம். எழுதிய பேகம் ரொக்கையா பிற்பாடு 1911-இல் கொல்கத்தாவில் எட்டுப் பெண் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் நடத்தியவர். அந்தக் கதை முதலில் அச்சானது கொல்கத்தாவில் இல்லை. நம்ம மதராஸில்! கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்த ‘தி இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில். மனைவி எழுதியதைக் கையில் வாங்கிய கணவர் நின்ற நிலையிலேயே முழுவதையும் படித்து முடித்தாராம். வங்காளத்து மாயக்கதைக்கு மதராஸ் அச்சு மையும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது என்பதில் எனக்கு அளவில்லாத பெருமை.

நம் பக்கத்திலும் இந்தக் கொல்லைப்புறங்கள் இருந்தன, இருக்கின்றன. அழ. வள்ளியப்பா 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டார். சிவகாசியிலிருந்து 1984-இல் கிளம்பிய லயன் காமிக்ஸில் கதை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் வாசகர் கடிதமும் ஆசிரியர் பதிலும். சுஜாதாவின் ‘ஜீனோ’ என்ற இயந்திர நாய்க்குட்டியைப் பற்றிச் சண்டை போடாத எண்பதுகளின் பிள்ளை உண்டா?

கொல்கத்தாவில் அந்தச் சண்டை சாமி கும்பிடும் இடம் வரைக்கும் போயிருக்கிறது. 2007 ஜூலையில் ஹாரி பாட்டரின் ஏழாவது, கடைசிப் புத்தகம் வந்தது. அக்டோபரில் துர்கா பூஜை. சால்ட் லேக்கில் எஃப்.டி. பிளாக் பூஜைக் கமிட்டிக்காரர்கள் பந்தலை எப்படிப் போட்டார்கள் தெரியுமா? ஹாக்வார்ட்ஸ் கோட்டையாக! கோபுரமும் மதிலும் அந்தக் கதை மாந்தர்களின் பொம்மைகளுமாக. மூன்று மாதத்துக்கு முன்னால் கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு இனி என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்த பிள்ளைகள், புது உடுப்பு போட்டுக்கொண்டு அந்தக் கோட்டைக்குள் நடந்து போய் துர்கையைக் கும்பிட்டார்கள். ஜே.கே. ரௌலிங்கும் வார்னர் பிரதர்ஸும் அனுமதி வாங்கவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்டார்கள். விழா முடியும் வரை பந்தல் நிற்கட்டும் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. உரிமைச் சட்டத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கதையைக் கொண்டுபோய்த் தங்கள் ஊரின் மிகப் பெரிய திருவிழாவுக்கு நடுவில் வைப்பதைவிட உயர்ந்த மதிப்புரையை எந்த வாசகர் எழுதிவிட முடியும்!

பூஜைக் காலத்துக்கு இன்னொரு பரபரப்பும் உண்டு. பூஜை மலர்கள். ‘ஆனந்தமேலா’, ‘சுக்தாரா’, ‘கிஷோர் பாரதி’ எல்லாம் செங்கல் கனத்துக்கு மலர் போடும். வீட்டுக்கு ஒரு பிரதி வரும், படிக்க அக்கா, தம்பி, சித்தி மகன், மாமா என்று வரிசை நிற்கும். முடிவை முதலில் படித்தவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம், மீறுவதற்காகவே இருக்கும் சட்டம். ‘ஆனந்தமேலா’ டின்டினையும் வங்காளத்துக்குக் கூட்டி வந்தது. அந்த வெள்ளை நாய்க்குட்டிக்கு அங்கே குட்டுஸ் என்று பெயர்.

ஜனவரிக் கடைசியில் புத்தகத் திருவிழா. 1976-இல் மைதானத்தின் பக்கம் தொடங்கியது, இப்போது சால்ட் லேக்கில். மீன் வறுவல் வாடை ஒரு பக்கம், புதுத் தாள் வாடை ஒரு பக்கம். கடைச் சந்துகளில் காலை மடக்கி உட்கார்ந்து, வாங்கிய புத்தகத்தை வீட்டுக்குப் போகும் வரை பொறுக்காமல் பிரித்துவிடுகிற பிள்ளைகள். கோபா மஜும்தாரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஷோங்குவைப் படித்தவர்களும் வங்காளியில் படித்தவர்களும் அங்கே எதிரெதிரே உட்கார்ந்து வாதாடுவார்கள். ‘கல்பபிஸ்வா’ மாதிரி புதுப் பதிப்பகங்கள் பழைய ‘ஆஷ்சர்ஜோ!’ காலத்துக் கதைகளைத் தேடி எடுத்துப் புத்தகமாக்கிவிட்டதால், தாத்தாவும் பேத்தியும் ஒரே கதைக்காக முட்டிக்கொள்ள இப்போது வசதியாகிவிட்டது.

ராயின் துப்பறிவாளர் ஃபெலுடா வீ.பா. கணேசனின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்துவிட்டார். ஷோங்குவை உங்கள் வீட்டுப் பிள்ளை கையில் கொடுப்பதானால் எந்தக் கதையில் தொடங்குவது என்று கேட்டால் நான் தயங்காமல் ‘ஏகஷ்ரிங்க அபியான்’ என்பேன். ஒற்றைக் கொம்புக் குதிரையைத் தேடித் திபெத்துக்குப் போகிற கதை. காலம் காலமாகக் கோடிக்கணக்கான மனிதர்கள் ஒன்றை நம்பிக்கொண்டே இருந்தால், நம்பிக்கையின் பலத்திலேயே அது ஓரிடத்தில் உயிரோடு உலாவத் தொடங்கிவிடுமாம்! இது அறிவியல் புனைகதையா, மாயக்கதையா? கொல்கத்தாப் பிள்ளைகள் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஷோங்கு விஞ்ஞானி, ஆகவே இது விஞ்ஞானக் கதை என்று ஒரு கூட்டம். குதிரைக்குக் கொம்பு முளைத்த பிறகு விஞ்ஞானம் எங்கே என்று இன்னொரு கூட்டம். நான் முதல் கூட்டம். யார் வேண்டுமானாலும் வாதத்துக்கு வரலாம், வயதையும் சந்தா எண்ணையும் சொல்லிவிட்டு வாருங்கள்!